கயிற்றை விடப் பழகுங்கள்: மோட்டார் படகுக்காரர் பாய்மரம் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருப்பது 23 அடி ஃபைபர் படகு. பின்னால் 40 குதிரைத்திறன் எஞ்சின். ஒன்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக் கடலில் தூண்டில் போடப் போகிறேன். கடலைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வளர்ந்திருந்தது. அந்த நினைப்போடு முதல் முறையாகப் பாய்மரப் படகில் ஏறினேன். பன்னிரண்டாவது நிமிடம் தண்ணீரில் கிடந்தேன்.

பக்கவாட்டில் ஒரு வீச்சுக் காற்று அடித்தது, படகு சாய்ந்தது. என் வலது கை சுக்கான் கழியின் நுனியைப் பிடித்து, எஞ்சினின் வேகத்தைக் குறைக்க முறுக்குவதைப்போல முறுக்கியது. அது வெறும் அலுமினியக் கழி. முறுக்கினால் உள்ளங்கை சூடாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இடது கையோ பயத்தில் பாய்க்கயிற்றை இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டது. கரையேறியதும் பயிற்சியாளர், என் மகள் வயதிருக்கும் பெண், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், கயிற்றை ஏன் பிடித்துக்கொண்டீர்கள்? விட்டிருந்தால் படகு தானாக நிமிர்ந்திருக்குமே."

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். மோட்டார் படகில் ஆபத்து வந்தால் நாம் எதையாவது செய்கிறோம்: வேகம் கூட்டுகிறோம், ரிவர்ஸ் போடுகிறோம், திருப்புகிறோம். பாய்மரத்தில் பெரும்பாலான ஆபத்துகளுக்கு மருந்து, செய்துகொண்டிருப்பதை விட்டுவிடுவது. மோட்டார் பழகிய கைகளுக்கு இது எளிதில் வராது. கடலையே பார்க்காதவருக்குப் பாய்மரம் கற்றுக்கொடுப்பதைவிட நமக்குக் கற்றுக்கொடுப்பது கடினம் என்று அந்தப் பயிற்சியாளர் பிறகு ஒருநாள் சொன்னார். ஆகவே இந்த வழிகாட்டி புதியவர்களுக்கல்ல, ஏற்கெனவே ஒரு படகு வைத்திருப்பவர்களுக்கு.

முதலில் ஓர் ஆசையைக் கைவிடுங்கள்

எல்லோருக்கும் வரும் யோசனை எனக்கும் வந்தது. இருக்கிற ஃபைபர் படகிலேயே ஒரு மரத்தை நட்டு, பாயைக் கட்டினால் என்ன? டீசல், பெட்ரோல் செலவு மிச்சம்தானே? 40 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குப் பதினைந்து லிட்டர் வரை குடிக்கும்போது இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேண்டாம். காற்று பாயைத் தள்ளுவது பெரும்பாலும் பக்கவாட்டில்தான். அந்தத் தள்ளலைத் தண்ணீருக்கடியில் எதிர்த்து நிற்க ஒரு பலகையோ, படகின் அடியில் துருத்தி நிற்கும் கனமான அடித்துடுப்போ (கீல்) வேண்டும். ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள்; முன்னால் பிதுங்கிப் பாயும். ஒரு விரல் காற்று, மற்றொரு விரல் தண்ணீருக்குள் இருக்கும் பலகை. நம் படகின் அடிப்பாகம் தட்டை; வேகத்தில் தண்ணீரின்மேல் எழும்பிச் சறுக்குவதற்காக வடித்தது. பாயைக் கட்டினால் நண்டைப்போலப் பக்கவாட்டில்தான் போகும். அகன்ற பின்பலகை தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். பலமாக அடித்தால் கவிழும்.

நம் கடற்கரைக்கு இது புதிய பாடமல்ல. எஞ்சின் வருவதற்கு முன் கட்டுமரக்காரர்கள் பாய் விரித்தபோது பக்கத்தில் பலகையை இறக்கித்தான் ஓட்டினார்கள். பாக் நீரிணைப் பக்கத்து வத்தை என்னும் படகுகளில் குறுக்காக ஒரு நீண்ட பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; காற்று கூடினால் ஆள் அதன் நுனிக்குப் போய் உட்கார்ந்து படகின் சாய்வைச் சமன் செய்வார். இன்று ஒலிம்பிக் படகோட்டிகள் வெளியே தொங்கிக்கொண்டு செய்வதும் அதே வேலைதான்.

எங்கே, எந்தப் படகில் கற்பது

சிறிய படகில் கற்றுக்கொள்ளுங்கள். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 'நான் 23 அடி ஓட்டுகிறேன், எனக்கு 30 அடிப் பாய்மரம் காட்டுங்கள்' என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய படகு உங்கள் தவறை மன்னித்துவிடும். அதனாலேயே அது நல்ல வாத்தியார் அல்ல. சிறிய படகு அரை நொடியில் பதில் சொல்லிவிடும்.

சென்னையில் துறைமுகத்துக்குள்ளேயே பாய்மரம் ஓடுகிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கப்பட்டது. அப்போது துறைமுகப் பொறுப்பில் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அதற்கு வித்திட்டவர். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னையில் பயிற்சி தருகிறது. அலைத்தடுப்புச் சுவருக்குள் காற்று உண்டு, பெரிய அலை இல்லை. கற்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பயிற்சியில் நீங்கள் சந்திக்கக்கூடிய படகுகள் மூன்று. ஆப்டிமிஸ்ட், குழந்தைகளுக்கானது, 15 வயதுக்குமேல் போட்டியில் ஓட்ட முடியாது, உங்கள் முழங்காலும் உள்ளே மடங்காது. என்டர்பிரைஸ், இருவர் ஓட்டும் மரபான படகு, 4 மீட்டருக்குச் சற்று அதிகம். இந்தியக் கிளப்புகளில் நெடுங்காலமாகப் புழங்குவது. மூன்றாவது லேசர். இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாறிவிட்டது. 4.23 மீட்டர் நீளம், ஒற்றைப் பாய், ஒரே ஆள். நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதும், விஷ்ணு சரவணன் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றதும் இந்த வகைப் படகில்தான். முதலில் என்டர்பிரைஸ் போன்ற இரட்டையர் படகில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கத் தொடங்குங்கள். கயிற்றை நீங்களே விடத் தெரிந்த பிறகு லேசருக்குப் போகலாம்.

உடை, உபகரணம்: முழுக்கைச் சட்டை, தொப்பிக்கு ஒரு கயிறு, பழைய கேன்வாஸ் ஷூ, விரல் நுனி வெட்டிய கையுறை. மோட்டார் படகில் நாம் வைத்திருக்கும் பருத்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை இங்கே பூமுக்கு, அதாவது பாயின் அடிக்கழிக்கு, அடியில் குனிய விடாது. உடலோடு ஒட்டிய வகை வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு வாருங்கள். தண்ணீரில் விழுவது இங்கே விபத்து அல்ல, பாடத்திட்டம்.

காற்றுக்கு ஒரு நாட்காட்டி

மோட்டார்காரர் காற்றை ஒரு தொந்தரவாக மட்டுமே பார்ப்பார்: அலை எழுப்பும், முகத்தில் தண்ணீர் அடிக்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்ப்பார். நான் அப்படித்தான் பார்த்தேன். என் பக்கத்துப் படகின் பெரியவர் இளவயதில் பாய் வைத்த கட்டுமரம் ஓட்டியவர்; அவர் எங்கும் பார்க்கமாட்டார், காதுமடலைக் கொஞ்சம் திருப்புவார். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்டால் காற்று நேர் எதிரே. இதை வீட்டு மொட்டை மாடியிலேயே பழகலாம், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து. வீசும் இடத்தை வைத்துத்தான் பெயர், போகும் இடத்தை வைத்து அல்ல. சென்னையைப் பொறுத்தவரை கற்க ஏற்ற காலம் ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் வரை. மார்ச்சுக்குமேல் முற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்து பிற்பகலில் வலுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. காற்று கரையிலிருந்து வீசுவதால் கரையோரத் தண்ணீர் தட்டையாக, சாதுவாக இருக்கும். ஆனால் அரை மைல் உள்ளே போனால் உங்களை வெளியே தள்ளிக்கொண்டே போகும். எஞ்சின் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல, பாய்மரக்காரருக்கு மிகப் பெரிய விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். புதியவர்கள் கரையில் இருந்து முடிச்சுகள் பழகலாம்.

எவ்வளவு காற்று போதும்? 6 முதல் 10 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). கடலில் வெள்ளை நுரைத் தலைகள் அங்கங்கே தோன்றத் தொடங்கினால் அது 10-ஐ நெருங்குகிறது. எங்கு பார்த்தாலும் வெள்ளை என்றால் முதல் மாதத்தில் இறங்காதீர்கள். காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயின்மீது விழும் விசை நான்கு மடங்காகும். 8 நாட்டில் சிரித்துக்கொண்டு ஓட்டியவர் 16 நாட்டில் வேறு ஆளாகிவிடுவார்.

கரையில் ஒரு மணி நேரம்

படகை மணலில் வைத்து, பாயை ஏற்றி, உட்கார்ந்து பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்கிறவர்கள்தான் பன்னிரண்டாவது நிமிடத்தில் விழுகிறார்கள்.

பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். நம் பழைய கப்பல் தமிழில் உள்ள சொல். கிளப்பில் ஹால்யார்டு என்பார்கள். பாயின் அடியோரம் கட்டியிருக்கும் கழி பூம். அது உங்கள் தலையின் உயரத்தில்தான் ஆடும், வஞ்சகமே இல்லாமல் அடிக்கும். பாயை உள்ளே இழுப்பதற்கும் வெளியே விடுவதற்குமான கயிறு மெயின்ஷீட். நான் பாய்க்கயிறு என்றே சொல்கிறேன். நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை நடுப்பலகை. பின்னால் சுக்கான், அதன் கழி.

இப்போது கைகளுக்கு வேலை பிரித்துக்கொடுங்கள். பின்கையில் சுக்கான் கழி, முன்கையில் பாய்க்கயிறு. சுக்கான் கழியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். எஞ்சினைக் கைப்பிடியால் நேரடியாகத் திருப்பி ஓட்டுபவர்களுக்கு இது பழக்கமானது. ஸ்டீயரிங் வைத்து ஓட்டியவர்கள் இரண்டு நாள் தடுமாறுவார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. எஞ்சினைத் திருப்பினால் தள்ளும் விசையே திரும்புகிறது, ஆகவே நின்ற இடத்திலேயே படகைச் சுழற்றிவிடலாம். சுக்கான் என்பது வெறும் பலகை. படகு ஓடினால்தான் அதற்கு உயிர். நின்ற படகில் சுக்கானை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை.

உங்கள் ஆக்ஸிலரேட்டர் பாய்க்கயிறு. இழுத்தால் வேகம், விட்டால் நியூட்ரல். ரிவர்ஸ் இல்லை, பிரேக் இல்லை. மணலில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் திடீரென்று படகைச் சாய்க்கட்டும். உங்கள் முன்கை கயிற்றை விடட்டும். நான் நாற்பது முறை செய்தேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

தண்ணீரில் முதல் பாடம்: நிற்பது

ஓடக் கற்பதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். காற்று படகின் பக்கவாட்டில் வரும்படி நிறுத்தி, பாய்க்கயிற்றை முழுவதுமாக விடுங்கள். பாய் கொடியைப்போல வெளிப்பக்கம் போய்ப் படபடக்கும். படகு நின்றுவிடும், மெதுவாக மிதந்து நகரும். சத்தம் பயமுறுத்தும், ஆனால் ஒன்றும் ஆகாது. இதுதான் உங்கள் ஓய்விடம். குழப்பம் வந்தால், தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், பயிற்சியாளர் சொன்னது புரியாவிட்டால், இங்கே வந்து நில்லுங்கள்.

பிறகு கயிற்றைக் கொஞ்சம் இழுங்கள், படகு நகரும். விடுங்கள், நிற்கும். பத்து முறை. என் கை எஞ்சினை மறக்கத் தொடங்கியது இந்தப் பத்து முறையில்தான்.

பக்கக் காற்றில் போய் வருவது

இரண்டு மிதவைகளுக்கு நடுவில், பக்கக் காற்றில் போய்த் திரும்பி வருவதே அடுத்த இரண்டு வகுப்பும். நீங்கள் உட்கார வேண்டியது காற்று வரும் பக்கம், அதாவது காற்றுமுகம். பாய் எதிர்ப்பக்கம் இருக்கும். உங்கள் உடல் எடைதான் படகின் நிறைகல்.

பாயை எவ்வளவு இழுப்பது என்பதற்கு விதி ஒன்றுதான்: படபடக்கும் வரை விடுங்கள், படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். நாம் செய்கிற தவறு அளவுக்கு மீறி இழுப்பது. இழுத்தால் வேகம் என்று பழகிவிட்டதல்லவா. அதிகம் இழுத்த பாய் படகைச் சாய்க்கும், ஆனால் ஓட்டாது. சாய்வை வேகம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பக்கத்துப் படகில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் நிமிர்ந்த படகில் நம்மைக் கடந்து போவான். அந்தச் சிறுவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சாய்வைப் பற்றி இன்னொன்று. மோட்டார் படகு சாய்ந்தால் ஏதோ தவறு என்று பொருள்: தண்ணீர் ஏறியிருக்கிறது, அல்லது ஆட்கள் ஒரே பக்கம் நிற்கிறார்கள். பாய்மரத்தில் கொஞ்சம் சாய்வது இயல்பு. அதிகமாகச் சாய்ந்தால் வரிசை இதுதான்: உடலை வெளியே சாய்த்தல், கயிற்றை ஒரு முழம் விடுதல், படகின் மூக்கைக் காற்றை நோக்கிச் சற்றே திருப்புதல். வயிறு கலங்கும் அளவுக்குப் போய்விட்டால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், கயிற்றை விடுங்கள்.

காற்றுக்கு எதிரே: மோட்டார்காரரின் பொறுமைக்குச் சோதனை

நேராகக் காற்றை நோக்கிப் போக எந்தப் பாய்மரத்தாலும் முடியாது. காற்று வரும் திசைக்கு இரு புறமும் ஏறக்குறைய 45 பாகை வரை உள்ள பகுதியில் பாய் வேலை செய்யாது. ஆகவே கோணல்மாணலாக, ஒரு முறை இடம், ஒரு முறை வலம் என்று ஏறிப் போக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இலக்கு காற்றுக்கு நேர் எதிரே 2 கடல் மைல் தூரத்தில் இருக்கிறது. என் ஃபைபர் படகில் 18 நாட்டில் ஏழு நிமிடம்கூட ஆகாது. பாய்மரத்தில் அதே இடத்துக்கு நான் உண்மையில் ஓட வேண்டிய தூரம் 2.8 மைல், 4.5 நாட் வேகத்தில் 38 நிமிடம், அதுவும் திருப்பங்களில் ஒன்றும் இழக்காவிட்டால். இந்த எண்ணைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். பாய்மரம் போய்ச் சேர்வதற்கான வண்டி அல்ல என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது.

காற்றேறும்போது செய்ய வேண்டியது: பாயை நன்றாக உள்ளே இழுத்து வைத்துவிட்டு, இனிச் சுக்கானால் ஓட்டுங்கள். பாயின் முன்விளிம்புக்கு அருகில் ஒட்டியிருக்கும் சிறு நூல்களைப் பாருங்கள். இரு பக்க நூலும் பின்னோக்கி நேராகப் பறந்தால் சரி. காற்றுமுக நூல் துள்ளினால் காற்றுக்கு மிக அருகில் போகிறீர்கள், சற்று விலகுங்கள். மறுபக்க நூல் தொங்கினால் விலகிவிட்டீர்கள், ஏறுங்கள். கண் நூலிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அவ்வப்போது முன்னாலும் பாருங்கள். ஒரு மிதவையை நான் நேருக்கு நேர் முட்டியிருக்கிறேன்.

திருப்பம் இரண்டு வகை

படகின் மூக்கு காற்றைத் தாண்டித் திரும்புவது டாக். நல்ல வேகத்தில் இருங்கள், துணைக்கு இருப்பவரிடம் சொல்லுங்கள், சுக்கான் கழியைப் பாய் இருக்கும் பக்கம் சீராகத் தள்ளுங்கள், பூம் நடுவுக்கு வரும்போது குனிந்து மறுபக்கம் போய் உட்காருங்கள், கழியை நேராக்குங்கள். வேகமில்லாமல் தொடங்கினால் பாதியில், மூக்கு காற்றை நோக்கியபடி நின்றுவிடும். பாய் படபடக்கும், படகு பின்னோக்கி நகரும், சுக்கான் நேர்மாறாக வேலை செய்யும். அப்போது பூமைக் கையால் ஒரு பக்கம் வெளியே தள்ளிப் பிடித்து, சுக்கான் கழியையும் அதே பக்கம் தள்ளிவையுங்கள். படகு பின்வாங்கியபடியே மூக்கைத் திருப்பிக்கொள்ளும். உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ரிவர்ஸ் கியர் இதுதான், ரசித்துக்கொள்ளுங்கள்.

படகின் பின்புறம் காற்றைத் தாண்டித் திரும்புவது ஜைப். இங்கேதான் தலை உடைகிறது. டாக்கில் பூம் சோம்பலாக வரும். ஜைப்பில் ஒரு முழு வீச்சாக, கதவு அறைவதைப்போல வரும். கயிற்றை முதலில் உள்ளே இழுத்துக்கொண்டு, பூம் மாறியதும் உடனே வெளியே விடுங்கள். காற்று பலமாக இருந்தால் ஜைப் செய்யாதீர்கள். சுற்றி வளைத்து டாக் செய்துவிட்டு வாருங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

முதுகுக் காற்றின் பொய்

காற்று பின்னாலிருந்து வரும்போது எல்லாம் அமைதியாகிவிடும். வெயில் சுடும், பாய் அசையாது, காற்றே இல்லையோ என்று தோன்றும். 12 நாட் காற்றில் 5 நாட் வேகத்தில் அதே திசையில் ஓடினால் உங்கள் முகத்துக்குத் தெரிவது 7 நாட்தான். திரும்பலாம் என்று காற்றை நோக்கி ஏறத் தொடங்கியதும் அதே காற்று 15 நாட்டுக்கு மேலாக வந்து அறையும். காற்று மாறவில்லை, உங்கள் வேகம் அதிலிருந்து கழிந்துகொண்டிருந்தது இப்போது கூடிவிட்டது. மோட்டார் படகில் முகத்தில் அடிக்கும் காற்றெல்லாம் நாமே உண்டாக்குவது என்பதால் இந்தக் கணக்கு நமக்குத் தோன்றுவதே இல்லை. எனவே முதல் நாட்களில் முதலில் காற்றேறிப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு வீடு திரும்புங்கள். தலைகீழாகச் செய்தால் பயிற்சியாளரின் மோட்டார் படகு உங்களைக் கட்டி இழுத்து வரும். எனக்கு அந்தக் காட்சி தேவைப்படவே இல்லை.

கவிழ்ந்தால்

வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள், முதல் வாரத்திலேயே. சென்னைத் தண்ணீர் வெதுவெதுப்பானது. வேறு நாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி. படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கயிற்றையோ விளிம்பையோ பிடித்தபடி இருங்கள். துணைக்கு வந்தவர் பாய்க்கடியில் இல்லை என்று பாருங்கள். பாய்க்கயிறு எதிலும் சிக்காமல் தளர்ந்திருக்கட்டும். இறுகியிருந்தால் நிமிர்ந்த படகு உடனே ஓடி மறுபடி விழும். அடிப்பக்கம் சுற்றிப் போய், நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் அடியில், படகை ஒட்டிய இடத்தில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். அவசரம் வேண்டாம். பாயில் தேங்கிய தண்ணீர் வடிய நேரமாகும். பிறகு சட்டென்று எழும். படகு தலைகீழாகி, பாய் கட்டிய மரம் நேராகக் கீழே போய்ச் சேற்றில் குத்திக்கொண்டால் நீங்களாக மல்லுக்கட்டாதீர்கள், காப்புப் படகைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் படகில் விழுந்தால் எஞ்சினை அணைக்க இடுப்பில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். இங்கே அது இல்லை. ஆளைத் தள்ளிவிட்டுப் படகு தனியே ஓடலாம். விழும்போது கையில் பாய்க்கயிறு இருந்தால் அதை மட்டும் விடாதீர்கள். ஆம், இவ்வளவு நேரம் விடுங்கள் விடுங்கள் என்று சொன்னேன்; இது ஒன்று விலக்கு.

கரையணைதல்

மோட்டார்காரரின் பெருமை முழுவதும் படகைத் துறையில் அணைப்பதில் இருக்கிறது. சர்ரென்று வந்து, ரிவர்ஸில் ஒரு உறுமல், ஓர் அங்குல இடைவெளியில் நிறுத்துவோம். பாய்மரத்தில் உறுமல் கிடையாது. காற்று எங்கிருந்து வருகிறதோ அதை நோக்கித்தான் நிறுத்த வேண்டும். ஆகவே துறையின் எந்தப் பக்கம் அணைவது என்பதைக் காற்று முடிவு செய்யும், நீங்கள் அல்ல. துறைக்கு நாலைந்து படகு நீளத்துக்கு முன்பே கயிற்றை விட்டு, மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, மிச்ச ஓட்டத்தில் மிதந்து வாருங்கள். குறைவாகப் போய்விட்டால் மறுபடி சுற்றி வரலாம். அதிகமாக வந்துவிட்டால் சுற்றவும் முடியாது. முதலில் திறந்த நீரில் ஒரு மிதவையைத் துறையாக வைத்துக்கொண்டு, கையால் தொடும் தூரத்தில் நிற்கும் வரை பழகுங்கள். எனக்குப் பதினேழாவது முயற்சியில் வந்தது. முந்தைய பதினாறையும் மிதவை தாங்கிக்கொண்டது.

சாலை விதிகள் தலைகீழாகின்றன

1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் நமக்கும் பொருந்தும். இதுவரை நீங்கள் பாய்மரத்துக்கு வழிவிட்டவர். இனி மோட்டார் உங்களுக்கு வழிவிட வேண்டும். ஆனால் அதை நம்பி மார்பை நிமிர்த்தாதீர்கள். வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரம்தான் விலக வேண்டும். குறுகிய வாய்க்காலில் வரும் பெரிய கப்பலை மறிக்கக் கூடாது. பின்னால் இருந்து முந்துபவர் யாரானாலும், பாய்மரமே ஆனாலும், ஒதுங்க வேண்டியவர் அவரே.

இரண்டு பாய்மரங்கள் சந்தித்தால்: காற்று இடப்புறம் வாங்குபவர் வலப்புறம் வாங்குபவருக்கு வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் காற்று என்றால் காற்றுமுகத்தில் இருப்பவர் விலக வேண்டும். பாய் விரித்திருந்தாலும் எஞ்சினும் உந்திக்கொண்டிருந்தால் சட்டப்படி நீங்கள் மோட்டார் படகுதான். பகலில் அதைக் காட்ட முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்றை முன்னால் தொங்கவிட வேண்டும். பெரிய படகுக்குப் போகும் மோட்டார்காரர்கள் முதலில் மறப்பது இது.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் சேனல். இவை உங்கள் பழைய படகில் எழுதி ஒட்டியிருப்பீர்கள், புதியதிலும் ஒட்டுங்கள்.

பெரிய பாய்மரத்துக்கு எப்போது

சிறிய படகில் 12 நாட் காற்றில் தனியாகப் போய், திரும்பி, துறையணைய முடிந்த பிறகு. அதற்குமுன் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டாம். ஆறு முறை வாடகைக்கோ நண்பர் படகிலோ போய்ப் பாருங்கள்.

நீர்க்கோடு, அதாவது தண்ணீர் தொடும் நீளம், 25 அடி உள்ள படகின் இயல்பான உச்ச வேகம் 6.7 நாட் அளவுதான். நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வரும் எண் அது. பெரிய எஞ்சினை வைத்தாலும் அந்த உடல் அதற்குமேல் சுலபத்தில் போகாது. அடித்துடுப்பு ஒன்றரை மீட்டர் ஆழம் கேட்கும். ஃபைபர் படகில் மணல்திட்டின் மேலேயே ஓட்டிப் பழகியவர்கள் வரைபடத்தை உண்மையாகவே படிக்க வேண்டி வரும். தலைக்குமேலும் கணக்கு உண்டு. உயரமான பாய்மரத்தோடு பாம்பனைக் கடக்க வேண்டுமானால் ரயில் பாலம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1914 முதல் இப்படித்தான். 2025-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலே எழும்புகிறது. எஞ்சின் படகில் இருந்தபோது அந்தப் பாலத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

காற்று கூடும் முன்பே பாயைச் சுருக்கிக் கட்டுங்கள். சுருக்கலாமா என்று ஒருமுறை தோன்றினாலே அதற்கான நேரம் வந்துவிட்டது.

என் ஃபைபர் படகை நான் விற்கவில்லை. தூண்டிலுக்கு அதுவே சரி. அதன் கைப்பிடிக் கம்பியில் மட்டும் ஒரு சாண் நீளச் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கிறேன், எஞ்சினை அணைத்ததும் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க. படகைக் கழுவ வரும் பையன் அதைக் குப்பை என்று நினைத்து இரண்டு முறை அவிழ்த்து எறிந்துவிட்டான். மூன்றாவது முறை கட்டியபோது பக்கத்துப் படகுப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். காது இருக்கும்போது நூல் எதற்கு என்று கேட்டார்.